நெல்லை வெயிலில் வைன் பாட்டிலை எங்கே வைப்பது? அரங்கு, ஃப்ரிட்ஜ், கேபினட்: ஓர் ஒப்பீடு

டிசம்பர் விடுமுறை முடிந்து பிள்ளைகள் ஊர் திரும்பியதும் பாளையங்கோட்டை, நாசரேத் பக்கம் பல வீடுகளில் ஒரே கேள்விதான் எழும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த மகனோ மைத்துனனோ டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய இரண்டு பாட்டில் வைனை வைத்துவிட்டுப் போயிருப்பார். ஒருவருக்கு 2 லிட்டர்தான் அனுமதி, அதனால் 750 மில்லி பாட்டிலாக இரண்டு வாங்குவதுதான் வழக்கம். ஒன்றை அன்றே திறந்திருப்பார்கள். இன்னொன்று விலை கூடியது, அதைத் திறக்க மனம் வராது, "வைன் பழசாக ஆகத்தான் ருசி" என்று யாராவது சொல்ல, அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே போய் நிற்கும். அப்புறம் ஏப்ரல் வரும், கத்திரி வரும். அடுத்த கிறிஸ்மஸுக்கு அதைத் திறந்தால் வேகவைத்த பழச்சாறு மாதிரி ஒரு வாசனை, பின்னால் லேசான புளிப்பு, நிறமும் செங்கல் பக்கம் சாய்ந்திருக்கும்.

இது தவிர்க்கக்கூடிய நஷ்டம். ஆனால் எந்த வழியில் தவிர்ப்பது என்பது நீங்கள் அந்த பாட்டிலை எத்தனை நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்குள் குடிக்கப் போகிறவருக்கு ஒரு பதில், ஒன்றிரண்டு வருடம் வைக்க நினைப்பவருக்கு வேறு பதில், மகள் கல்யாணத்துக்கென்று பத்து வருடம் வைக்க நினைப்பவருக்கு முற்றிலும் வேறு பதில். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டுதான் நம் ஆட்கள் தேவையில்லாத இடத்தில் செலவு செய்கிறார்கள், தேவையான இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் நம் ஊர்ச் சூடு. வைனுக்கு ஏற்ற வெப்பம் 12, 13 டிகிரி என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அந்த எண் வந்ததற்குக் காரணம் எளிமையானது. தரைக்குக் கீழே சில மீட்டர் ஆழம் போனால் வெயிலும் மழையும் எட்டாது; அந்த இடத்தின் வெப்பம் ஏறக்குறைய அந்த ஊரின் ஆண்டுச் சராசரியிலேயே நின்றுவிடும். பிரான்ஸில் போர்தோ ஊரின் ஆண்டுச் சராசரி 13, 14 டிகிரி. அதனால் அங்கே நிலவறை தோண்டினாலே போதும், வைன் அறை தயார். திருநெல்வேலியின் ஆண்டுச் சராசரி 28, 29 டிகிரி. இங்கே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கிடைப்பது 28 டிகிரிதான். புது வீடு கட்டும்போது அடியில் ஒரு அறை போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, அவர்களுக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதே. கொத்தனார் கூலியும் கம்பிச் செலவும் வீண். போதாததற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்று ஜங்ஷன் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரைக்குக் கீழே எதையும் வைக்கிற ஊர் இல்லை இது.

சூடு வைனை என்ன செய்கிறது? வேதிவினைகள் பொதுவாகப் பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். அப்படியானால் நம் ஊரில் வைன் சீக்கிரமே முதிர்ந்துவிடும், நல்லதுதானே என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு அளவில் வேகமெடுக்கும், அதனால் டானின் (திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வைனுக்கு வருகிற துவர்ப்பு) மெதுவாக மென்மையாகிற வேலை முடிவதற்கு முன்பே பழவாசனை செத்துப்போகும். இன்னொரு பக்கம், சூட்டில் திரவம் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். பாட்டிலின் வாயைச் சுற்றியிருக்கிற உறையைத் தடவிப் பாருங்கள். கார்க் மேலே முட்டிக்கொண்டிருந்தாலோ பிசுபிசு என்று கசிந்திருந்தாலோ அந்த பாட்டில் எங்கோ வெயில் பட்டிருக்கிறது.

இனி ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

பழைய வீடு இருக்கிறவர்கள் முதலில் சொல்வது அரங்கைத்தான். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசாலை தாண்டி உள்ளே போனால் ஜன்னல் இல்லாத அந்த இருட்டறை இருக்கும். குலுக்கையும் பித்தளைப் பாத்திரமும் நகைப்பெட்டியும் இருந்த இடம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர், மேலே தேக்கங்கட்டை போட்ட மச்சு. வெளிச்சம் கிடையாது, ஆள் நடமாட்டம் குறைவு, அதிர்வு இல்லை. வைனுக்கு வேண்டிய நான்கு குணங்களில் மூன்று இங்கே ஓசியாகவே கிடைக்கின்றன. நான்காவதுதான் பிரச்சினை. மே மாதத்தில் வெளியே 39 டிகிரி கொதிக்கும்போது அரங்குக்குள் போனால் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் அது 31, 32 காட்டும். நமக்கு இதம் என்பது வைனுக்கு இதம் இல்லை. அரங்கின் பலம் வேறொன்று: பகலுக்கும் இரவுக்கும் அங்கே வெப்பம் அதிகம் மாறாது, கார்க் ஏறி இறங்குகிற தொல்லை குறையும். அதனால் ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும், அதாவது நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் குடித்துவிடப் போகிற சாதாரண சிவப்பு வைனுக்கு அரங்கு தாராளமாகப் போதும். பங்குனி பிறந்தால் எடுத்துவிடுங்கள்.

கான்கிரீட் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அரங்கு கிடையாது. அங்கே பரண், சமையலறை மேல் அலமாரி, மாடிப்படிக்குக் கீழே என்று மூன்று இடங்களைச் சொல்வார்கள். இதில் பரண்தான் மிக மோசம், வெயிலில் காய்ந்த தளத்தை ஒட்டிய இடம் அது, ராத்திரி பத்து மணிக்குத் தொட்டாலும் சுடும். அடுக்களை அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே தரைத்தளத்தில், அதுவும் வடக்குப் பார்த்த பக்கம் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அதுவும் சில வாரக் கணக்குக்குத்தான்.

ஏசி அறையில் வைக்கலாமே என்பார்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஏசி, மற்ற நேரம் இல்லை. அப்படியானால் பாட்டில் தினமும் 24 டிகிரிக்கும் 34 டிகிரிக்கும் இடையே ஊஞ்சலாடும். ஒரே சீராக 28 டிகிரியில் இருக்கிற இடமே இதைவிட மேல் என்பேன். நாள் முழுக்க ஓடவிட்டாலும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசியில் 16 டிகிரிக்குக் கீழே வைக்க முடியாது, மணிக்கு அரை யூனிட் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் நாளுக்கு 12 யூனிட் ஓடும். பாட்டிலுக்காக ஏசி போடுவது அறிவான செலவு இல்லை.

சரி, வீட்டில் இருக்கிற ஃப்ரிட்ஜ்? பலர் இதை வேண்டாம் என்பார்கள்: ரொம்பக் குளிர், ரொம்ப வறட்சி, கம்ப்ரஸர் அதிரும் என்று. இந்த மூன்றுமே குளிர்நாட்டுக்காரர்களின் கவலைகள். அவர்களிடம் 18 டிகிரி அறை இருக்கிறது, நம்மிடம் 35. நம் ஊரில் பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் ஃப்ரிட்ஜ்தான். 4, 5 டிகிரியில் முதிர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும், ஆனால் கெடாது. வறட்சியில் கார்க் காய்ந்து சுருங்குவது உண்மைதான், அதற்குப் பல மாதம் ஆகும். ஒரு வருடத்துக்குள் குடிப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திருகு மூடி பாட்டில் என்றால் அந்தக் கவலையே கிடையாது. சில பாட்டிலின் அடியிலோ கார்க்கின் நுனியிலோ கண்ணாடித்தூள் போலச் சின்னச் சின்னப் படிகங்கள் சேரும், அது வைனில் இருக்கிற டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் பிரிந்து நிற்கும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பயந்து கொட்டிவிடாதீர்கள்.

வைக்கிற இடம் மட்டும் முக்கியம். கதவில் வைக்கக் கூடாது, திறக்கும்போதெல்லாம் அதிரும், சூடும் படும். அடியில் காய்கறி வைக்கிற பெட்டிதான் சரியான இடம், மற்ற தட்டுகளைவிடக் குளிர் குறைவு, ஈரம் கொஞ்சம் அதிகம். கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும், வீட்டில் அதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் சிவப்பு வைனை வெளியே எடுத்து வையுங்கள். நம் ஊர் அறையில் அரை மணி நேரமே போதும், அதற்கு மேல் விட்டால் வெதுவெதுப்பாகிவிடும்.

இப்போது கடையில் விற்கிற வைன் கேபினட். இதில் இரண்டு சாதி உண்டு, இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் விலை ஆயிரக்கணக்கில். தெர்மோஎலக்ட்ரிக் என்று போட்டிருப்பது சின்னது, அழகானது, சத்தமே வராது, விலையும் குறைவு. அதற்குள் கம்ப்ரஸர் கிடையாது, மின்சாரம் ஓடினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிற ஒரு தகடு இருக்கும். அந்தத் தகட்டால் அறை வெப்பத்தைவிடப் பத்து முதல் பதினைந்து டிகிரி வரைதான் உள்ளே குறைக்க முடியும். லண்டனில் அறை 22 என்றால் உள்ளே 12 வந்துவிடும். மே மாதம் பாளையங்கோட்டையில் அறை 35 என்றால் உள்ளே 20க்கும் 25க்கும் இடையேதான் நிற்கும், அதுவும் நாள் முழுக்க மூச்சுமுட்ட ஓடி. மேலே இருக்கிற சின்னத் திரையில் 12 என்று நீங்கள் அமைத்த எண் ஒளிர்ந்துகொண்டிருக்கலாம், உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நம் ஊருக்கு இதை வாங்கவே கூடாது.

கம்ப்ரஸர் உள்ள கேபினட் வேறு கதை. அது ஃப்ரிட்ஜ் போலவே வேலை செய்யும், ஆனால் 5 முதல் 18 டிகிரி வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். கதவில் புற ஊதா தடுக்கிற கண்ணாடி இருக்கும், பாட்டிலைப் படுக்கவைக்க மரத்தட்டு இருக்கும். வாங்கும்போது இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். எத்தனை டிகிரி அறை வெப்பம் வரை தாங்கும் என்று அதன் குறிப்பேட்டில் எழுதியிருக்கும், 32 வரை என்றிருந்தால் வேண்டாம், 38க்கு மேல் என்றிருந்தால் பார்க்கலாம். இரண்டாவது சர்வீஸ். பழுது பார்க்க மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆள் வர வேண்டும் என்றால் கத்திரி நடுவில் அது நின்றுபோகும்போது நீங்கள்தான் தவிப்பீர்கள். ஸ்டெபிலைசர் கட்டாயம். கரண்ட் போனால் உடனே பதற வேண்டாம், கதவைத் திறக்காமல் விட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் உள்ளே இருக்கிற திரவத்தின் சூடு அதிகம் ஏறாது. காலியாக இருக்கிற இடத்தில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் என்னைக் கேட்டால், எட்டுப் பத்து பாட்டில் வைத்திருக்கிற ஒருவருக்கு நம் ஊரில் மிகச் சிறந்த வழி இதுவும் இல்லை. பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜும் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும்தான். புது ஃப்ரிட்ஜ் வாங்கியபின் மச்சிலோ ஷெட்டிலோ கிடக்கிற 165, 180 லிட்டர் பழசு பல வீட்டில் உண்டு. கன்ட்ரோலர் ஒரு சின்னப் பெட்டி, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், அதன் சென்சார் வயரை ஃப்ரிட்ஜுக்குள் விட்டு, ஃப்ரிட்ஜின் பிளக்கை அதில் செருக வேண்டும். ஃப்ரிட்ஜின் சொந்தத் திருகை முழுக் குளிருக்குத் திருப்பிவிடுங்கள், இனிமேல் கன்ட்ரோலர்தான் எசமான். 13 டிகிரி, ஒன்றரை டிகிரி இடைவெளி என்று வையுங்கள். உள்ளே 14.5 ஆனதும் கம்ப்ரஸர் ஓடும், 13 ஆனதும் நிற்கும். நின்ற கம்ப்ரஸர் உடனே திரும்ப ஓடக் கூடாது, அதனால் மூன்று முதல் ஐந்து நிமிடத் தாமதத்தையும் அதிலேயே அமைத்துவிடுங்கள். சென்சாரை வெறும் காற்றில் தொங்கவிடாமல் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலோடு டேப் போட்டு ஒட்டினால் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது கலவரப்படாது. வயரிங் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அரை மணி வேலை.

மேலே இருக்கிற ஐஸ் பெட்டியில் இனி ஐஸ் உறையாது, அதை எதிர்பார்க்காதீர்கள். நிறைந்த பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோவுக்குப் பக்கம் வரும், கம்பித் தட்டு வளையும். பிளைவுட் பலகை ஒன்றை அளவெடுத்துப் போடுங்கள். ஈரம் கூடிப் பூஞ்சை பிடித்தால் துடைத்துவிட்டு ஒரு நாள் காயவிட்டால் போகும். எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைகளுக்கு இந்த வேலை ஒத்துவராது, அடிக்கடி கரண்ட் வெட்டினால் போர்டு குழம்பும். பழைய திருகு வைத்த ஃப்ரிட்ஜ்தான் இதற்குச் சரி. கத்திரியிலும் 13 டிகிரியைப் பிடித்து நிற்கும், பழுதானால் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். நெல்லைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வைன் அறை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பாட்டில் சேர்க்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று. தமிழ்நாட்டில் பெர்மிட் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கக்கூடிய மதுவுக்குச் சட்டப்படி உச்ச அளவு உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குள் அடங்குகிற அளவுக்குத் திட்டமிடுங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் வைப்பதும் ஒரு வழிதான். பெங்களூரில் அண்ணன் இருக்கிறார், அங்கே குளிர்தானே என்பார்கள். பெங்களூரின் ஆண்டுச் சராசரியே 24 டிகிரியை ஒட்டித்தான் வரும், அதற்காக அவ்வளவு தூரம் கொண்டுபோகத் தேவையில்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற இரண்டு மாதம் அருமையாக இருக்கும், மற்ற மாதங்கள்? கொடைக்கானலிலோ ஊட்டியிலோ நம்பிக்கையான வீடு இருந்தால் மட்டும் சரி, அங்கே சராசரி 14, 15 டிகிரி, இருட்டான அலமாரியே போதும்.

எல்லா வைனும் முதிர வைக்க வேண்டியதா என்றால் இல்லவே இல்லை. கடையில் கிடைக்கிற பெரும்பாலான வைன் வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்தது, வைத்திருந்தால் குறையத்தான் செய்யும். வெள்ளை, இளஞ்சிவப்பான ரோஸே, நுரைக்கிற ஸ்பார்க்லிங் எல்லாம் சீக்கிரம் முடியுங்கள். டானினும் புளிப்பும் நன்றாக உள்ள சிவப்பு வைன்தான் தாங்கும்: நல்ல போர்தோ, இத்தாலியின் பரோலோ போன்றவை. வெள்ளையில் நல்ல ரீஸ்லிங்கும் இனிப்பான சோட்டெர்னும் விதிவிலக்கு. நம் நாட்டில் நந்தி மலையடிவாரத்து குரோவரின் லா ரிசர்வ், சோலாப்பூர் பக்கத்து ஃப்ரட்டெல்லியின் செட்டே போன்றவை சில வருடம் நிற்கும். ஃப்ரிட்ஜோ கேபினட்டோ எதுவும் வேண்டாம், ஆனால் வருடக்கணக்கில் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நினைப்பவருக்கு ஒரே ஒரு வைனைத்தான் சொல்ல முடியும், போர்ச்சுகலின் மடீரா. பழைய காலத்தில் கப்பலில் வெப்பமண்டலக் கடலைக் கடந்துபோய் வந்த பீப்பாய்கள் சூட்டில் ருசி கூடியதைப் பார்த்து, இன்றும் அதைச் சூடுபடுத்தியேதான் செய்கிறார்கள். ஒரு முறையில் 45 டிகிரிக்கு மேல் குறைந்தது மூன்று மாதம். வெந்து முடிந்த வைன் அது, நம் வெயில் அதை அதிகம் அசைக்காது. திறந்த பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வருகிறவரிடம் என்ன வாங்கிவர என்று கேட்டால் இதைச் சொல்லிவையுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சையில் கிறிஸ்மஸுக்கு வீட்டில் போடுகிற வைனைப் பற்றியும் கேட்பார்கள். அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதனால் போடுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆனால் அப்படி ஒன்று யாராவது கொடுத்து வீட்டில் இருந்தால் அதை முதிர வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மீதமிருக்கிற சர்க்கரையில் ஈஸ்ட் மறுபடி வேலை செய்யத் தொடங்கினால் இறுக்க மூடிய கண்ணாடி பாட்டில் வெடிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் முடிப்பதுதான் வழி.

மற்றபடி, கார்க் பாட்டிலைப் படுக்கவையுங்கள், கார்க் நனைந்தே இருக்கும். திருகு மூடி எப்படி இருந்தாலும் சரி. வெயில் மட்டுமல்ல, டியூப்லைட் வெளிச்சமும் நாள்கணக்கில் பட்டால் வெள்ளை வைனைக் கெடுக்கும், பேப்பரில் சுற்றிவிடுங்கள். திறந்தது மிச்சமிருந்தால் சிவப்போ வெள்ளையோ கார்க்கை அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று முதல் ஐந்து நாள்.

ஆக, மூன்று மாதத்துக்குள் என்றால் குளிர்காலத்தில் அரங்கு, வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டி. ஒரு வருடம் வரை என்றாலும் அதே பெட்டிதான். ஒன்றிரண்டு வருடத்துக்கும் அதற்கு மேலும் என்றால் கன்ட்ரோலர் போட்ட பழைய ஃப்ரிட்ஜ்; கையில் பணமும் ஹாலில் இடமும் இருந்து பார்வைக்கும் அழகாக வேண்டும் என்றால் கம்ப்ரஸர் கேபினட். பத்து வருடம், கல்யாணம், வெள்ளிவிழா என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த பாட்டில் இதுவரை எங்கே இருந்தது என்பதைத்தான். ஏற்கெனவே இரண்டு கோடையைப் பீரோவில் கழித்த பாட்டிலை இப்போது எடுத்து 13 டிகிரியில் வைத்தாலும் போன வாசனை திரும்பாது. அதை இந்த வாரமே திறந்துவிடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாங்குங்கள், கடையில் வெயில் படும் ஷோகேஸில் நிற்கிற பாட்டிலைத் தொடாதீர்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது டிக்கியில் போடாமல் ஏசி ஓடுகிற சீட்டுக்கு அடியில் வையுங்கள், வழியில் நாகர்கோவிலில் சாப்பிட வண்டியை வெயிலில் நிறுத்தினால் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.